யானை விடுபட்ட பூனைப் படம்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் கதை சொல்லும்போது காட்டுவதற்காக மாமல்லபுரத்துத் தவசிப் பூனையின் தபால் அட்டை ஒன்றை வாங்கினேன். அதிலிருந்து பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். பஞ்சதந்திரமோ, ஜாதகமோ, ஈசாப்போ, அந்தக் கதைகள் சிற்பமாகவோ ஓவியமாகவோ எங்கே இருந்தாலும் அதன் போட்டோவைச் சேர்த்து வைக்கிறேன். தபால் அட்டை, பத்திரிகையில் வெட்டியது, பேத்தி கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்த பிரிண்ட் என்று பிஸ்கட் டின்கள் நிறைந்துவிட்டன.

இப்போது சில சந்தேகங்கள். இவற்றை ஊர் வாரியாக அடுக்குவதா, கதை வாரியாகவா? மழைக்காலம் வந்தால் படங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது, என்ன செய்வது? பக்கத்து எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பழைய புத்தகங்களோடு ஒரு பழுப்புப் படம் கிடைத்தது. தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறது. ஏதோ கோயில் சுவரில் குரங்கும் முதலையும். அது நிஜ போட்டோவா, அச்சடித்ததா? "எல்லாம் போன்லயே இருக்கே, எதுக்கும்மா இந்தக் குப்பை?" என்கிறான் மகன். பிள்ளைகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கவும் ஆசை. சட்டச் சிக்கல் ஏதும் வருமா? எங்கள் பக்கத்தில் நானே படம் எடுத்துச் சேர்க்க ஏதாவது இருக்கிறதா?

— வாசகி, ஏற்காடு

பதில்: கதை வாரியாகத்தான் டீச்சர். ஊர் வாரியாக அடுக்கினால் உங்களிடம் இருப்பது சுற்றுலா ஆல்பம். புரட்டுகிறவர், "இங்கெல்லாம் போயிருக்கீங்களா?" என்று கேட்பார். கதையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கதை வாரியாக வைத்தால் ஆமையைத் தூக்கிப் பறக்கும் அன்னங்களின் உறைக்குள் நாலந்தாவும் ஜாவாத் தீவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். ஒரே கதைதான். ஆனால் ஒவ்வொரு சிற்பியும் கதையின் வேறு வேறு கட்டத்தைப் பிடித்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

உறைக்குத் தலைப்பு எழுதுவதில் ஒரு தொல்லை வரும். ஒரே கதைக்கு ஊருக்கொரு பெயர், புத்தகத்துக்கொரு பெயர். நாட்டார் கதை ஆய்வாளர்கள் இதற்கு எண் முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். பின்லாந்துக்காரர் ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கினார். அமெரிக்கர் ஸ்டித் தாம்சன் விரிவாக்கினார். ஜெர்மானியர் ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004-இல் திருத்தி வெளியிட்டார். மூவர் பெயரையும் சேர்த்துத்தான் அந்த எண்களைச் சொல்வது வழக்கம். நம் பாட்டி வடை சுட்ட கதையின் மேல்நாட்டு உறவு, அதாவது காக்கையின் வாயிலிருப்பதை நரி தட்டிப் பறிக்கும் கதை, 57. ஈரலை மரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று முதலையை ஏமாற்றும் குரங்கு 91. கிணற்றில் தன் நிழலைக் கண்டு பாயும் சிங்கம் 92. ஓநாயின் தொண்டையில் சிக்கிய எலும்பை எடுக்கும் கொக்கு 76. வேஷதாரிப் பூனை 113பி. பறவைகள் தூக்கிச் செல்லும் ஆமை 225ஏ. இந்த எண்ணை உறையின் மூலையில் பென்சிலால் எழுதிவிட்டு, நடுவில் உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன தலைப்பையே எழுதிக்கொள்ளுங்கள். எண் உங்கள் காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறக்கிறவருக்கு.

ஜாதகக் கதைகளுக்குத் தனி எண் உண்டு. முதலையும் குரங்கும் 208, ஆமை 215. பூனைக் கதை 128-ஆம் எண்ணில் இருக்கிறது. அதன் பாலிப் பெயரே 'பிளார' ஜாதகம், அதாவது பூனை ஜாதகம்தான். உள்ளே போனால் எலிகளை ஏமாற்றுவது நரி! இப்படிப்பட்ட கோளாறுகளையும் உறை மேலேயே எழுதி வையுங்கள். பின்னால் வருகிறவர் குழம்பமாட்டார்.

உங்கள் முதல் படத்துக்கு வருகிறேன், நான் சொல்ல வந்தது முழுக்க அந்தப் பூனையிடம்தான் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஏறக்குறைய 96 அடி நீளம், 43 அடி உயரம். அர்ச்சுனன் தபசு என்பார் சிலர், பகீரதன் கங்கையைக் கொண்டுவந்தது என்பார் சிலர். நடுவிலிருக்கும் பிளவுக்கு இடப்பக்கத்தில் ஒரு முனிவர், ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்கிறார். பிளவுக்கு வலப்பக்கத்தில் பெரிய யானைகள். அந்த யானைக் கூட்டத்தின் காலடியில் நம் ஆள். பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, முனிவர் நிற்பதைப் போலவே நிற்கிறது. வயிறு ஒட்டி, விலா எலும்பு எண்ணும்படி தெரிகிறது. சுற்றிலும் எலிகள். அவற்றில் ஒன்று கை கூப்பி நிற்பதை நேரில் பார்த்தவர்கள் சிரிக்காமல் வரமாட்டார்கள். மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில், துரியோதனன் தூதாக உலூகன் தருமரிடம் வந்து சொல்லும் கதை இதுவே. அங்கேயும் பூனை தவமிருப்பது கங்கைக் கரையில்தான்.

இப்போது டின்னைத் திறந்து அந்தத் தபால் அட்டையை எடுங்கள். அனேகமாகப் பூனையும் எலிகளும் மட்டும் இருக்கும். யானை இல்லை, முனிவர் இல்லை. பூனை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நகைச்சுவை போய்விட்டது. அந்த முனிவரின் அதே நிலையில் பூனை நிற்பதுதான் கதையே. மலை மாதிரி நிற்கும் யானைக்குக் கீழே இத்தனூண்டு பூனை, அதற்கும் பக்தர்கள், இதுவும் சேர்ந்தால்தான் சிற்பியின் குறும்பு முழுசாகப் புரியும். போட்டோக்காரர் கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார், உருத்திராட்சப் பூனை வெறும் பூனையாகிவிட்டது.

அதனால் ஒரு சிற்பத்துக்கு ஒரு படம் போதாது. முழுப் பாறையும் தெரிகிற ஒன்று. யானையின் காலும் பூனையும் சேர்ந்து தெரிகிற ஒன்று. பூனை மட்டும் நெருக்கத்தில் ஒன்று. மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். அழகான குளோசப் ஏற்கெனவே இருக்கிறதே என்று தூரப் படத்தை ஒதுக்காதீர்கள். பார்வைக்கு மொண்ணையாக இருக்கும் தூரப் படத்தில்தான் கதை இருக்கிறது. படத்துக்குப் பின்னால் "இதில் முனிவர் இல்லை", "யானையின் கால் வெட்டுப்பட்டிருக்கிறது" என்று விடுபட்டதையும் எழுதி வையுங்கள். படத்தில் இருப்பதை எவரும் பார்த்துக்கொள்வார்கள். இல்லாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்களே எடுக்கப் போனால் நேரம் முக்கியம். பாறை கிழக்கு நோக்கியது. சூரியன் கடலிலிருந்து எழும்பின கையோடு எடுத்தால் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்து உருவங்கள் தட்டையாகத் தெரியும். வெயில் ஏற ஏற மேலிருந்து சாய்ந்து விழுந்து, விலா எலும்பும் எலியின் கையும் நிழலோடு எழும்பி வரும். மதியம் தாண்டினால் பாறை நிழலுக்குள் போய்விடும். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும் என்பதால் தூரத்தை இழுக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது. முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். கையில் பிடித்தே எடுங்கள்.

சிற்பி எந்தக் கட்டத்தைப் பிடிக்கிறான் என்று சொன்னேன் அல்லவா? ஜாவாவில் போரோபுதூருக்குப் பக்கத்தில் மெண்டுட் என்று 9-ஆம் நூற்றாண்டுப் பௌத்தக் கோயில். படிக்கட்டின் பக்கச் சுவர்களில் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் ஆமைக் கதை ஒன்று. மேலே குச்சியைக் கடித்துத் தொங்கும் ஆமையும் தூக்கிப் பறக்கும் பறவைகளும். கீழே மனிதர்கள். ஆமை இன்னும் வாயைத் திறக்கவில்லை. கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், ஆமைக்குத் தெரியாது. இதிலும் அட்டைப் படக்காரர்கள் கீழே இருக்கும் மனிதர்களை வெட்டிவிட்டு ஆமையையும் பறவைகளையும் மட்டும் தருவார்கள். கதையில் ஆமையைப் பேச வைத்தவர்களே கீழே இருப்பவர்கள்தானே?

பார்ஹூத் ஸ்தூபியின் சிற்பி வேறு வழியில் போனான். கிறிஸ்துவுக்கு முந்தைய வேலை. சின்னக் குருவி, காக்கை, ஈ, தவளை எல்லாம் கூட்டுச் சேர்ந்து ஒரு யானையை வீழ்த்தும் கதை. பஞ்சதந்திரத்திலும் உண்டு, 357-ஆம் ஜாதகமும் அதுவே. ஒரே வட்டத்துக்குள் யானை திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டை மிதிக்கிற யானையும் அதுதான், கடைசியில் தலைகீழாக விழுகிற யானையும் அதுதான். தெரியாதவர்கள் யானைக் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாதென்று பக்கத்தில் பிராமி எழுத்தில் கதையின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். இந்தப் படத்தைச் சேர்க்கும்போது அந்த எழுத்து வரியும் படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்குத் தலைப்பு எழுதும் வழக்கத்தை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள், நாம்தான் இன்னும் சோம்பல்படுகிறோம்.

கலெக்‌ஷன் வளர வளர வெளிநாட்டுப் படங்களும் வரும், வரட்டும். இங்கிலாந்தை நார்மன்கள் பிடித்த கதையைச் சொல்லும் பேயோ தையல் ஓவியத்தின் ஓரப் பட்டையில் நரியும் காக்கையும் இருக்கின்றன, ஓநாயும் கொக்கும் இருக்கின்றன. இத்தாலியில் பெரூஜா நகரத்து நீரூற்றில் (1270-களில் செதுக்கியது) அதே ஓநாயும் கொக்கும் மறுபடி. தஜிகிஸ்தானில் பஞ்சகெந்த் என்ற ஊரில் தோண்டியெடுத்த 8-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் பஞ்சதந்திரமும் பொன்முட்டை வாத்தும் ஒரே வீட்டுச் சுவரில். பட்டுப் பாதை வணிகர்களுக்கு இது நம் கதை, அது அயல் கதை என்ற பேதமெல்லாம் இல்லை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது லாகூர் ஓவியங்கள். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1678-இல் வெளியிட்ட தம் இரண்டாம் தொகுதிக்குப் 'பில்பாய்' என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டதாக எழுதினார். நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சுச் சேகரிப்பாளர், ஃபெயே த கோன்ஷ் என்பவர், ரஞ்சித் சிங் அரசவையிலிருந்த பிரெஞ்சுத் தளபதிகள் மூலம் லாகூர் ஓவியர் இமாம் பக்‌ஷைக் கொண்டு லா ஃபோந்தேன் கதைகளை வரைய வைத்தார். 1830-களின் கடைசி அது. பிரெஞ்சுக் கதைக்குப் பஞ்சாப் ஆடை, பஞ்சாப் மரம், பஞ்சாப் வானம். இங்கிருந்து போன கதை, போன இடத்தில் சட்டை மாற்றிக்கொண்டு திரும்ப வந்து பிறந்த ஊர்த் துணியையே உடுத்தியிருக்கிறது. அசல் இப்போது லா ஃபோந்தேன் பிறந்த ஷாத்தோ-தியெரி ஊரின் அருங்காட்சியகத்தில். உங்கள் உறைகளில் இந்தப் படங்கள் ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. சென்னைக் கல்விச் சங்கத்துக்காகத் தாண்டவராய முதலியார் எழுதிய உரைநடைப் பஞ்சதந்திரம் சென்னையில் வந்தது 1826. தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளிலிருந்து பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துபுவா பிரெஞ்சில் செய்த பஞ்சதந்திரம் பாரிஸில் வந்ததும் அதே 1826. துபுவா நூலின் 1872-ஆம் வருடப் பதிப்புக்கு லியோன்ஸ் பெத்தி வரைந்த செதுக்கோவியங்கள் உண்டு. நம் பக்கத்துக் கதைக்கு ஐரோப்பியக் கை வரைந்த படம் என்பதால் அதற்குத் தனி உறையே போடலாம்.

படத்தின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். இதற்கு உங்கள் ஊரிலேயே ஆசான் இருக்கிறார். ஹோலி டிரினிட்டி சர்ச் பக்கம் போனால் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடத்தைப் பார்க்கலாம். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவர். ஏற்காட்டில் வாழ்ந்தார், 1912 கடைசியில் கல்கத்தாவில் இறந்தார். அவர் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. அவருடைய விளக்கப் பட்டியல் அவர் இறந்த பிறகு 1914-லும் 1916-லும் வெளிவந்தது. அதை எடுத்துப் பாருங்கள். எந்த ஊர், எந்த இடம், என்ன கல் என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணும் குறிப்பும். கல்லுக்குப் பஞ்சமில்லாத தேசத்தில் அவருடைய கற்களுக்கு மட்டும் மதிப்பு வந்ததற்குக் காரணம் அந்தக் குறிப்புதான். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவலும் சேகரிப்பாளரே. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். மாமனார் சொல்லைச் சேர்த்தார், மருமகன் கல்லைச் சேர்த்தார், நல்ல குடும்பம்.

உங்கள் குறிப்பில் இருக்க வேண்டியவை: என்ன கதை, எந்த இடம், அசல் எந்தக் காலத்தது, போட்டோ யார் எடுத்தது, எப்போது, உங்களிடம் எப்படி வந்தது. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தை எழுதி நிரப்பாதீர்கள். பழைய காகிதப் படத்துக்குப் பின்னால் மெத்தென்ற 2பி பென்சில் போதும், அழுத்தாமல் எழுதுங்கள். இன்றைய லேப் பிரிண்டுகளின் முதுகு பிளாஸ்டிக் பூசியது, பென்சில் பிடிக்காது. பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் போடும். அவற்றுக்கு உறையின் மேலேயே எழுதிவிடுங்கள், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பு.

பூஞ்சை. மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊரில் இது தீராத வழக்கு. போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். பூஞ்சைக்கு அது விருந்து. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் முளைக்கும். முதல் வேலையாக நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஈரப்பதமானி ஒன்றை வாங்கி டின் பக்கத்தில் வையுங்கள். பிஸ்கட் டின் மோசமில்லை, துருப்பிடிக்காமல் இருந்தால் காற்றுப் புகாத நல்ல பெட்டிதான். ஆனால் ஈரமான நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். காபிப் பழம் பறித்துக் களத்தில் காய்கிற மாதங்களில், நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, படங்களை நிழலில் பரப்பிக் காற்றாட விட்டுப் பிறகு மூடுங்கள். வெயிலில் போடக் கூடாது. உள்ளே சிலிக்கா ஜெல் பை வையுங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறுகிற வகையாக வாங்குங்கள், மாறினால் ஓவனில் 110 டிகிரி அளவில் சூடாக்கித் திரும்ப உபயோகிக்கலாம். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி படத்துக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் ஆகாது. டின்னை மர அலமாரியைவிட இரும்பு பீரோவில் வைப்பது மேல். பீரோவை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள், அடித்தட்டில் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே பூத்துவிட்ட படங்களை ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து, படமே துணியில் வந்துவிடும். மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த அறையில் சில நாள் காயவிட்டு, வாயையும் மூக்கையும் மறைத்துத் துணி கட்டிக்கொண்டு, வாசலில் வைத்து மெல்லிய பிரஷால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கறை போகாது. பரவாமல் நிற்கும், அது போதும்.

கடையில் விற்கும் ஒட்டுப்பசை ஆல்பம், பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டி மூடுவோமே, அது படத்துக்கு எமன். அதில் இருப்பவற்றை இப்போதே மெதுவாக வெளியே எடுங்கள். பி.வி.சி. உறையும் வேண்டாம். புது ரெயின்கோட் நாற்றம் அடித்தால் அது பி.வி.சி. என்று ஒதுக்கிவிடலாம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். அகப்படாவிட்டால் அமிலமில்லாக் காகித உறை. பத்திரிகையில் வெட்டியவற்றைப் போட்டோக்களோடு கலக்காதீர்கள். செய்தித்தாளின் அமிலம் பக்கத்துப் படத்தையும் மஞ்சளாக்கும். இனிமேல் நல்ல புத்தகத்தையும் 'மார்க்' போன்ற பழைய கலை இதழ்களையும் படத்துக்காக வெட்டவும் வேண்டாம். முழு இதழாகவே வைத்து, உறைக்குள் பக்க எண் எழுதிய சீட்டை மட்டும் போடுங்கள்.

அந்தப் பழுப்புப் படத்துக்குப் பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி வேண்டும். குரங்கின் முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது புத்தக அச்சு. புள்ளி வரிசை இல்லாமல் நெளிநெளியான பொடி மட்டும் தெரிந்தால் கொலோடைப், அதுவும் அச்சுதான், ஆனால் நல்ல அச்சு. இரண்டும் இல்லாமல் நிறம் தொடர்ச்சியாக ஓடினால் நிஜ போட்டோ. தடித்த அட்டையில் ஒட்டியது, மெல்லிய காகிதம், பழுப்பு நிறம், வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சள், லேசான பளபளப்பு, இத்தனையும் சேர்ந்தால் முட்டை வெண்கருவில் வெள்ளி உப்பைப் பிடிக்கவைத்த ஆல்புமென் பிரிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 1850-களிலிருந்து 1890-கள் வரை கொடிகட்டிப் பறந்த முறை. காகிதம் மெல்லிசாக இருப்பதால்தான் சுருளாமலிருக்க அட்டையில் ஒட்டினார்கள். அட்டையிலிருந்து பிரிக்க முயலாதீர்கள். அட்டையில் ஸ்டூடியோ பெயர், பென்சில் எண், எது இருந்தாலும் அது படத்தின் பாதி மதிப்பு.

குரங்கும் முதலையும் என்றதும் புவனேசுவரத்து முக்தேசுவரர் கோயில், 10-ஆம் நூற்றாண்டு, நினைவுக்கு வருகிறது. அங்கே முதலையின் முதுகில் குரங்கு சவாரி போகும் சிற்பம் பெயர்பெற்றது. உங்கள் படத்தைப் பார்க்காமல் அதுதான் என்று சொல்லமாட்டேன். வாசல் அமைப்பு, சுற்றியுள்ள சிற்ப வேலை ஆகியவற்றை இன்றைய படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, பழைய பழுப்புப் படம் என்றாலே லின்னேயஸ் டிரைப் எடுத்தது என்று விலை ஏற்றிச் சொல்ல ஆட்கள் உண்டு. டிரைப் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். 1858-இல் ராயக்கோட்டை, சேலம் மாவட்டப் படங்களைத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டவர். அதனால் சேலத்துப் பக்கம் இந்தப் பெயரைச் சொல்லி விற்பது சுலபம். யாராவது விலைக்குக் கேட்டால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள், அவசரப்பட்டு வாங்கவும் செய்யாதீர்கள்.

உங்கள் மகனுக்கு அஜந்தாவைச் சொல்லுங்கள். சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844 முதல் வருஷக்கணக்கில் குகைக்குள் உட்கார்ந்து எழுதிய பிரதி ஓவியங்களில் பெரும்பகுதி 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போயிற்று. பிறகு பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் மாணவர்களோடு போய் 1872 முதல் மறுபடி எழுதினார். அவற்றிலும் பல 1885-இல் லண்டனிலேயே இன்னொரு தீயில். இரண்டு தடவையும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் வினை. போன் என்பதும் ஒரே இடம்தான். காகிதமும் ஒரே இடம்தான் என்று அவர் பதில் சொல்லலாம், அதுவும் சரி. ஸ்கேன் செய்து ஒரு பிரதி அவரிடமே இருக்கட்டும். குப்பை என்று சொன்னவருக்கு அந்த வேலையைக் கொடுப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இணையத்தில் கிடைப்பவற்றில் எதைப் பிரிண்ட் எடுப்பது என்றால், தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்ஹாம் 1879-இல் வெளியிட்ட பார்ஹூத் ஸ்தூபி நூலின் படத்தகடுகளிலிருந்து தொடங்குங்கள். ஜோசப் பெக்லர் எடுத்த படங்கள். நூல் முழுவதும் ஸ்கேனாகக் கிடைக்கிறது. யானையும் குருவியும் அதில் உண்டு. அசல் கல்கத்தா இந்தியன் மியூசியத்தில். தென்னிந்தியக் கோயில் சிற்பங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பைப் போல வேறொன்று இல்லை. 1956-லிருந்து சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். கதையின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், கோயில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் அடுக்கியிருப்பது அப்படி.

சட்டம் உங்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, 2012-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு, போட்டோவுக்கு உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும். அந்தக் காலம் முடிந்தது பொதுச்சொத்து. பொதுமக்கள் போய்வரும் இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தை நீங்களே போட்டோ எடுத்தால் அது மீறல் ஆகாது, 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அதே சிற்பத்தை இன்னொருவர் சமீபத்தில் எடுத்த படம் அவருடையது. சிற்பம் ஆயிரம் வருஷப் பழசு என்பதால் அவர் படம் பொதுவாகிவிடாது. வகுப்பில் காட்டுவதற்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. புத்தகமாக, காலண்டராக அச்சடிக்கிறீர்கள் என்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள். கண்காட்சியில் அசல் பழம்படங்களை மாட்டாதீர்கள், ஸ்கேன் எடுத்த பிரதிகளைப் பெரிதாக்கி மாட்டுங்கள். ஏற்காட்டு வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பழைய படத்தை வெளுக்கச் செய்ய அதுவே போதும்.

பக்கத்தில் எடுக்க என்ன இருக்கிறது என்றால், மலையிறங்கித் தாரமங்கலம் போங்கள். கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில் வில்லோடு இராமன், சற்றுத் தள்ளி வேறொரு தூணில் வாலி. இராமன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியிடமிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். இதிகாசக் கதை, உங்கள் எண் முறைக்குள் வராது. ஆனாலும் உங்களைப் போகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் படமெடுப்பது உங்களுக்குப் பூனைப் படத்தின் பாடத்தை முழுசாகச் சொல்லிக்கொடுக்கும். வாலியை மட்டும் எடுத்தால் ஒன்றுமில்லை. இராமனை மட்டும் எடுத்தாலும் ஒன்றுமில்லை. இராமன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று, வாலியின் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு தூணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரிய ஒன்று. உள்ளே கேமரா, போன் விடுவார்களா என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பல கோயில்களில் இப்போது கெடுபிடி அதிகம். பேத்தியையும் கூட்டிப்போங்கள், ஒரு தூணருகே அவளை நிறுத்திவைத்து யார் தெரிகிறார் என்று கேட்டுவிட்டு, அவள் சொன்னதைப் படத்தின் பின்னால் எழுதுங்கள்.

குரங்கு-முதலைப் படத்தை ஸ்கேன் செய்யும்போது அட்டையின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள்.